பி2033 வந்தால் சென்சார்தான் போச்சா?

டீசல் காரில் என்ஜின் லைட் எரிகிறது, மிதித்தால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, ஸ்கேனர் போட்டால் பி2033 என்று ஒரு கோளாறு எண், அதாவது கோடு (code), வருகிறது. இந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்பில் ஒன்று வந்துவிடும். "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்." இல்லையென்றால், "டிபிஎஃப் அடைச்சுக்கிச்சு, மொத்தமா மாத்தணும்." சொல்பவர் கையில் ஸ்கேனர் இருக்கும், மல்டிமீட்டர் இருக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த மீட்டரை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயத்துக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் செலவு செய்தவர்களைத் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் லோன் போட்டு வண்டி எடுத்தவர்கள், அந்த வண்டியை வைத்துத்தான் பிழைப்பு. அவர்களில் யாராவது ஒருவர் படித்தாலும் போதும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த சென்சாருக்கு, அதாவது சைலன்சர் பைப்பில் புகைச்சூட்டை அளக்கிற சென்சாருக்கு, அங்கே என்ன வேலை என்று பார்த்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 என்கிற புகை விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் சைலன்சர் என்பது வெறும் பைப் இல்லை. டர்போவைத் தாண்டியதும் ஒரு கேட்டலிஸ்ட், அதையடுத்துக் கரித்தூளைப் பிடித்து வைக்கிற வடிகட்டியான டிபிஎஃப், சில வண்டிகளில் அதற்கும் பின்னால் ஆட்புளூ தெளிக்கிற எஸ்சிஆர். பிடித்த கரியை டிபிஎஃப் சேர்த்துக்கொண்டே போனால் புகை போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும், அதனால் அவ்வப்போது உள்ளேயே அதை எரித்துவிட வேண்டும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். கரி ஒழுங்காக எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். என்ஜினிலிருந்து சாதாரணமாக வருகிற புகைக்கு அவ்வளவு சூடு கிடையாது. அதனால் ஈசிஎம், அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், சிலிண்டரில் எரிந்து முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் டீசலை விடுகிறது, அது கேட்டலிஸ்டில் போய் எரிந்து சூட்டை ஏற்றுகிறது. சூடு குறைந்தால் கரி எரியாது. எல்லை தாண்டினால் டிபிஎஃப்புக்குள் இருக்கிற செராமிக் விரிசல் விடும், உருகக்கூட உருகும். எவ்வளவு டீசல் விடுவது, எப்போது நிறுத்துவது என்று ஈசிஎம்முக்குச் சொல்வதே பைப்பில் ஆங்காங்கே திருகி வைத்திருக்கிற ஈஜிடி சென்சார்கள்தான், அதாவது புகைச்சூட்டை அளக்கிற சென்சார்கள். வண்டியைப் பொறுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று இருக்கும்.

இப்போது இந்த சென்சார்களில் ஒன்றின் பேச்சை நம்ப முடியவில்லை என்றால் ஈசிஎம் என்ன செய்யும்? ரீஜென்னையே நிறுத்திவிடும். சூடு தெரியாமல் 600 டிகிரிக்கு நெருப்பு மூட்டுவதைவிட அது சரியான முடிவு. ஆனால் கரி சேர்வது நிற்காது. கொஞ்ச நாளில் டிபிஎஃப் லைட்டும் சேர்ந்து எரியும், வண்டி லிம்ப் மோடுக்குப் போகும், அதாவது ஈசிஎம் இழுவையைக் குறைத்துவிடும். ஒர்க் ஷாப்பில் பார்க்கும்போது டிபிஎஃப் உண்மையிலேயே அடைத்துத்தான் இருக்கும். அடைப்பு பின்னால் வந்தது, முதலில் வந்தது ஒரு வயர் கோளாறு என்பது அந்த நேரத்தில் யார் கண்ணுக்கும் படாது. எந்தக் கோடு முதலில் பதிவானது, எத்தனை கிலோமீட்டரில் பதிவானது என்று பல ஸ்கேனர்களில் பார்க்கலாம். தயவுசெய்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் இந்தக் கோளாறு சீக்கிரம் முற்றிப்போவதற்குக் காரணம் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடுகிற வண்டியில் புகைச்சூடு 250, 300 டிகிரியைத் தாண்டி நிற்கும், அந்தச் சூட்டிலேயே கேட்டலிஸ்ட் உதவியோடு கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கரைந்துகொண்டு வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் முதல் கியரில் ஊர்கிற வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஐடிலிங்கில் சூடு ஏறவே ஏறாது. காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம், ராயபுரத்திலிருந்து மின்ட் என்று குட்டிக் குட்டி ஓட்டம் ஓடும் வண்டி முழுக்க முழுக்க ஈசிஎம் செய்கிற ரீஜென்னை நம்பித்தான் இருக்கிறது. அதுவும் நின்றுபோனால் டிபிஎஃப் எவ்வளவு நாள் தாங்கும்?

இன்னொன்று கடல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நிறுத்துகிற எந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாலும், வயர்களை இணைக்கிற கப்ளர்களின் பின்களில் பச்சை படிந்திருக்கும். உப்புக் காற்று செம்பைச் சும்மா விடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற தெருக்களில் நின்ற வண்டிகள் இன்னும் பாவம். எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்போது நனைந்த கப்ளர்களில் பல உடனே பழுதாகவில்லை. மாதக்கணக்கில் உள்ளே அரித்து அரித்து, பிறகுதான் காட்டிக்கொடுத்தன. எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, பி2033 என்றால் என்ன? முதல் பேங்க் (சிலிண்டர் வரிசை), இரண்டாவது ஈஜிடி சென்சார், சர்க்யூட் ஹை. முதல் சென்சாருக்கு இதே கோடு பி0546, மூன்றாவதற்கு பி242டி. நிறையப் பேர் இங்கேதான் வழி மாறிப் போகிறார்கள். "ஹை" என்று வந்ததும் சைலன்சர் அதிகமாகச் சூடாகிறது, அதனால் டிபிஎஃப் போய்விட்டது என்று ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். இந்த ஹை சூட்டைப் பற்றியதே இல்லை, வோல்டேஜைப் பற்றியது. உண்மையிலேயே புகைச்சூடு எல்லை மீறினால் வருகிற கோடு வேறு, பி2428. இரண்டையும் குழப்பிக்கொண்டால் முதல் அடியே தப்பான தெருவில் போகும்.

வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம். ஈசிஎம் உள்ளேயிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புகிறது. சென்சார் அதை எர்த் பக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்கிற வோல்டேஜை ஈசிஎம் படிக்கிறது. பல கார்களில் இருப்பது பிடி200 என்கிற வகை, உள்ளே பிளாட்டினம். 0 டிகிரியில் அதன் தடை 200 ஓம். சூடு ஏற ஏற ஓமும் ஏறும், தொடக்கத்தில் டிகிரிக்குச் சுமார் 0.77 ஓம், மேலே போகப் போகக் கொஞ்சம் குறைவு. நம் ஊர் 30 டிகிரியில் 223 ஓம் அளவு, 600 டிகிரியில் ஏறத்தாழ 627 ஓம். ஈசிஎம் உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் 1000 ஓம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், வண்டி குளிர்ந்திருக்கும்போது 0.9 வோல்ட், 600 டிகிரியில் 1.9 வோல்ட். சைலன்சர் பழுக்கக் காய்ந்து சிவந்தாலும் இரண்டரை வோல்ட்டைக்கூடத் தொடாது. அப்படியிருக்க ஈசிஎம் 5 வோல்ட்டைப் பார்க்கிறது என்றால், அது சூடு இல்லை, பெரும்பாலும் எங்கோ கம்பி விட்டுப்போயிருக்கிறது. பி2033 சொல்வது இவ்வளவுதான். விட்டுப்போன இடம் சென்சாருக்குள்ளா, வயரிலா, கப்ளரிலா என்று கோடு சொல்லாது, சொல்லவும் முடியாது.

பிளாட்டினம் கம்பியின் தடை சூட்டோடு ஒழுங்காக ஏறும், அதை வைத்தே வெப்பமானி செய்யலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871-ல் சொன்னார். அதை நம்பி அளக்கக்கூடிய கருவியாக்கிக் காட்டியவர் ஹ்யூ காலண்டர், 1887-ல். அவ்வளவு பழைய விஞ்ஞானம் இன்று ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் அடியில் வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

எல்லா வண்டியிலும் பிளாட்டினம் இல்லை. சிலவற்றில் என்டிசி வகை இருக்கும், அது தலைகீழ்: குளிரில் ஆயிரக்கணக்கில், வகையைப் பொறுத்து லட்சக்கணக்கில்கூட ஓம் காட்டும், சூடானால் இறங்கும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் இரண்டே வயர், ஒரே மாதிரி நட், ஒரே மாதிரி முனை. இன்னும் புதிய வண்டிகளில் தெர்மோகப்பிள் வைத்து, வயரின் நடுவில் ஒரு சிறிய எலக்ட்ரானிக் பெட்டியோடு, டிஜிட்டலாகப் பேசுகிற சென்சார்களும் உண்டு. அதில் ஓம் அளந்து பிரயோஜனம் இல்லை. உங்கள் வண்டியில் எது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நான் கீழே சொல்வது எல்லாம் பிடி200-க்கு.

இனி மாமா வண்டிக் கதைக்கு வருகிறேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். தினமும் திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு அதில்தான் போய் வருகிறார். பி2033 வந்து, பிறகு டிபிஎஃப் லைட்டும் வந்து, ஒரு இடத்தில் காட்டியதற்கு டிபிஎஃப்பை மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். "டேய், ஒன்றரை லட்சம் சொல்றாங்கடா. வண்டியையே வித்துடலாமான்னு இருக்கு" என்று போனில் சொன்னார். விற்கிற பேச்சை ஒத்திப்போடச் சொல்லிவிட்டு, வண்டியை ராத்திரி என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன்.

ராத்திரி நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காலையில், சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்கிற எண்களை, திறந்தால், வண்டியில் இருக்கிற வெப்பநிலை சென்சார்கள் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். கூலன்ட், உள்ளே போகிற காற்று, ஈஜிடி ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாமே ராத்திரி முழுக்க ஒரே காற்றில் குளிர்ந்தவை. அதில் ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான் ஆள். இதற்கு ஸ்பானர் வேண்டாம், வண்டியைத் தூக்க வேண்டாம், புளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்றும் வண்டியின் ஈஜிடி எண்களைக் காட்டுகிற ஆப்பும் இருந்தால் போதும். ஆனால் கோடு நிற்கும்போது சில ஈசிஎம்கள் சென்சார் சொல்வதை விட்டுவிட்டுத் தாங்களே கணக்குப் போட்ட எண்ணைக் காட்டும், அது பார்க்க நல்ல எண்ணாகவே இருக்கும். அதனால் கோடைக் குறித்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மாமா வண்டியில் கூலன்ட் 28, காற்று 28, மூன்று ஈஜிடியும் 28, 29. எல்லாம் சரி. கப்ளரைக் கழற்றி இரண்டாவது சென்சாரின் இரண்டு பின்னிலும் மீட்டர் வைத்தேன், 222 ஓம். அதுவும் சரி. பலர் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள், "சென்சார் நல்லாத்தான் இருக்கு, ஈசிஎம் கோளாறு" என்று அடுத்த பெரிய செலவுக்குத் தாவிவிடுவார்கள்.

ஈசிஎம் பக்கம் சரியா தவறா என்று சொல்வதற்கு ஊகம் தேவையில்லை. இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, யாரும் செய்து பார்க்கலாம். ரிச்சி தெருவுக்குப் போய் 220, 330, 470 ஓம் ரெசிஸ்டர் வாங்குங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தங்க நிறப் பட்டை போட்டது வேண்டாம், அது ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், 220 ஓமில் ஐந்து சதவீதம் என்றால் 14 டிகிரி ஆட்டம். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் கேளுங்கள், வாங்கியதையும் மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் கப்ளரைக் கழற்றி, வண்டி வயரிங் பக்கத்துக் கப்ளரில் இந்த ரெசிஸ்டரின் கால்களை மெல்ல வைத்து, சாவியை மட்டும் போட்டு லைவ் டேட்டாவைப் பாருங்கள். 220 ஓமுக்கு ஏறத்தாழ 26 டிகிரி வரவேண்டும். 330-க்கு ஏறத்தாழ 170. 470-க்கு ஏறத்தாழ 365. மூன்றும் பக்கத்தில் வந்தால் ஈசிஎம், அதிலிருந்து கப்ளர் வரை வருகிற இரண்டு வயர், எல்லாம் அந்த நேரத்துக்கு நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கால்களைப் பின்னுக்குள் பலமாகத் திணித்து விரித்துவிடாதீர்கள், அதுவே புதுக் கோளாறாகிவிடும். ஒவ்வொரு ரெசிஸ்டர் மாற்றும்போதும் கோடை அழித்துக்கொள்ளுங்கள்.

எண் வரவில்லை என்றால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே இரண்டு பின்னுக்கு நடுவில் வோல்டேஜ் பாருங்கள். 5 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே இல்லை, ஆனால் ஒரு பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் 5 இருக்கிறது என்றால் சென்சாருக்குப் போகிற எர்த் வயர் அறுந்திருக்கிறது. எதிலுமே இல்லை என்றால் 5 வோல்ட் வயரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், போகிற வழியில் எலி கடித்த இடமோ சைலன்சரில் பட்டு உருகிய இடமோ கண்ணில் படும்.

பச்சை படிந்த பின்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கோடே போடாமல் கெடுதல் செய்யும். அரிப்பு ஒரு 100 ஓம் கூட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினத்தில் ஓம் கூடினால் சூடு கூடியதாகக் கணக்கு. 100 ஓமுக்குக் குறைந்தது 130 டிகிரி. டிபிஎஃப்பில் உண்மையில் ஏறத்தாழ 450 டிகிரிதான் இருக்கும், ஈசிஎம் 600 வந்துவிட்டது என்று நினைத்து டீசலைக் குறைத்துக்கொள்ளும். ரீஜென் நடந்த மாதிரி கணக்கு எழுதப்படும், கரி எரிந்திருக்காது. "ரீஜென் எல்லாம் ஒழுங்கா நடக்குது, ஆனா டிபிஎஃப் அடைச்சுக்கிட்டே இருக்கு" என்று அலைகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. குளிர்ந்த காலைச் சோதனையில் இது பளிச்சென்று தெரியும்: மற்றதெல்லாம் 28, இது மட்டும் 160.

மாமா வண்டியில் மூன்று ரெசிஸ்டரும் சொன்ன எண்ணைக் காட்டின. ஆக ஈசிஎம் நல்லது, வயரிங் நல்லது, குளிரில் சென்சாரும் நல்லது. அப்படியானால் ஓடும்போது என்ன நடக்கிறது? லைவ் டேட்டாவைக் கிராஃபில் போட்டுக்கொண்டு மாமாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டி.எச். ரோடில் மெதுவாகப் போகிற வரை கிராஃப் வழுவழுப்பாக ஏறி இறங்கியது. மேடு பள்ளமான இடத்தில் ஏறி இறங்கியபோது 240-ல் இருந்த எண் ஒரு நொடி உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்த பள்ளத்தில் மறுபடியும். உண்மையான சூடு அப்படிக் குதிக்காது, அவ்வளவு பெரிய இரும்பு ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறி அடுத்த நொடியில் இறங்க முடியாது. குதிப்பது எப்போதும் கம்பிதான்.

அங்கிருந்து நேராகத் தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாய் ஷெட்டுக்குப் போனோம், வண்டியைத் தூக்க ராம்ப் வேண்டும் என்பதற்காக. எத்தனையோ வருஷமாக வயரிங் வேலை மட்டும் பார்க்கிறவர். நான் அளந்த 222 ஓமைச் சொன்னேன். "நின்னுட்டு இருக்கற வண்டியில எல்லாமே நல்லாத்தான் காட்டும் தம்பி. மீட்டரை வெச்சுக்கினே வயரைப் புடிச்சு ஆட்டு" என்றார். "எங்க இருந்து ஆரம்பிக்கறது பாய்?" என்றேன். "கப்ளர்ல இருந்து வா. கடைசியா கழுத்துக்கு வா."

கழுத்து என்று அவர் சொன்னது, சென்சாரின் இரும்புக் குழாயும் வயரும் சேருகிற இடம். அங்கே குழாயை நசுக்கி வயரைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதன் மேலே கண்ணாடி இழையில் நெய்த ஸ்லீவ். கப்ளரிலிருந்து ஆட்டிக்கொண்டே வந்தேன், மீட்டர் அசையவில்லை. ஸ்லீவின் நடுவில் வளைத்தேன், அசையவில்லை. கழுத்துக்குப் பக்கத்தில் விரலால் லேசாக மேல் பக்கம் வளைத்ததும் 222 மறைந்து ஓ.எல். என்று வந்தது, அதாவது தொடர்பே இல்லை. விட்டால் 222. வளைத்தால் ஓ.எல். வெளியே ஸ்லீவில் ஒரு கீறல்கூட இல்லை. பாய் பேசாமல் டார்ச்சை அடித்து மேலே காட்டினார்: வயரைப் பிடித்து வைக்க வேண்டிய கிளிப் இருந்த இடத்தில் போல்ட் ஓட்டை மட்டும்தான் இருந்தது. எப்போதோ யாரோ வேலை பார்த்துவிட்டுக் கிளிப்பைத் திரும்பப் போடவில்லை. வயரின் முழு ஆட்டமும் அந்தக் கழுத்தில் வந்து நின்று, உள்ளே கம்பி முறிந்துவிட்டது. ஆக கடைசியில் மாற்ற வேண்டியது சென்சார்தான். ஆனால் அது உறுதியாகத் தெரிந்த பிறகு மாற்றுகிறோம், கிளிப் இல்லாமல் புதுசைப் போட்டிருந்தால் அதுவும் இதே கழுத்தில் முறிந்திருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு மாற்றுகிறோம்.

கழற்றுவதில் அவசரம் கூடாது. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த நட், பைப்பில் வெல்டு வைத்த மாதிரி பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்குகிற ஆயில் விட்டு வைத்து, கழற்றும் முன் என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பைப்பை வெதுவெதுப்பாக்கி, வயர் நுழைய வெட்டு விட்ட சாக்கெட்டைப் போட்டு, அரைச் சுற்று தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடி ஆயில் விட்டு, மறுபடி தளர்த்தி, இப்படித்தான் வெளியே கொண்டு வர வேண்டும். இம்பாக்ட் கன் வைத்து அடித்தால் சென்சார் முறிந்து பாதி உள்ளேயே நிற்கும், இல்லையென்றால் மரை வழித்துக்கொண்டு வரும். அப்புறம் பைப்பையே கழற்றி லேத்துக்குத் தூக்க வேண்டியதுதான். பாய் இதற்குச் செலவழித்த பொறுமையைப் பார்த்துத்தான் அவருடைய கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கக் கூடாது என்று மாமாவிடம் சொன்னேன்.

புதுசு வாங்கும்போது பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள், உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பிளாட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் என்டிசியைத் திருகினாலும் மரையில் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஈசிஎம்முக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கையில் காசு இல்லாமல் புதுப்பேட்டையில் பழசு எடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் எடுக்கும்போதே மீட்டரை வைத்து, லைட்டரை முனையில் காட்டிப் பாருங்கள். பிடி200 என்றால் 220-ல் தொடங்கி இடைவெளி இல்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். லைட்டர் காட்டும்போதே கழுத்தை வளைத்தும் பாருங்கள். ஒரு முறை ஓ.எல். வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க மரைக்கு மட்டும் சூடு தாங்குகிற ஆன்டி-சீஸ் தடவலாம், புதுசில் பெரும்பாலும் தடவியே வரும், முனையில் படக் கூடாது. அந்தக் கிளிப்பை மறக்காமல் போடுங்கள். மாமா வண்டிக்குப் பழைய ஓட்டையிலேயே புது கிளிப் போட்டாயிற்று.

இந்தச் செலவுக்குப் பயந்து டிபிஎஃப்பையே பிடுங்கிவிட்டு, ஈசிஎம்மில் அதை மறைத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்து கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. வேண்டாம். மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்று என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே பட்டியலில் போட்டது. அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைப் புகை, லாரிப் புகை எல்லாவற்றையும் ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்தான். முறிந்த ஒரு கம்பிக்காக, இருக்கிற ஒரு வடிகட்டியையும் பிடுங்கி அவர்கள் மூக்கிலேயே விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. சென்சார் விலை சில ஆயிரம். அதை அளந்து பார்த்து மாற்றினால் டிபிஎஃப் தானே பிழைத்துக்கொள்கிற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

மாமா வண்டியில் அப்படித்தான் ஆனது. கோடை அழித்து, கரி அளவு ஸ்கேனரில் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மீஞ்சூர்ப் பக்கம் வெளிவட்டச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனோம். எல்லை தாண்டிக் கரி சேர்ந்திருந்தால் இப்படி ரோட்டில் எரிக்கக் கூடாது, மொத்தமாகப் பற்றிக்கொண்டால் செராமிக் போய்விடும், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. ஒரே சீராக ஓட்டிக்கொண்டே போனபோது ரீஜென் தொடங்கி, டிபிஎஃப்புக்கு முன்னால் இருக்கிற சென்சார் 400, 500 என்று ஏறி 600 பக்கத்தில் போய் நின்றது. ஒரு இடத்தில்கூடக் குதிக்கவில்லை. கரி அளவு கண்ணெதிரே இறங்கியது. முடிகிற வரை மாமாவை நிறுத்த விடவில்லை. அந்தச் சூட்டில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தினால் பற்றிக்கொள்ளும், பாதியில் அணைத்தால் ரீஜென்னும் பாதியில் நிற்கும்.

வீட்டுக்கு வந்து வண்டி ஆறிய பிறகு செய்த கடைசி வேலை, என்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தது. பாதியில் நின்ற ரீஜென் ஒவ்வொன்றிலும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலந்திருக்கும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றது, மோந்து பார்த்தால் டீசல் வாடை. இந்த ஆயிலோடு ஓட்டினால் அடுத்து டர்போ பேரிங்தான் போகும். "சர்வீஸுக்கு இன்னும் கிலோமீட்டர் இருக்கேடா" என்றார் மாமா. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உடனே மாற்றிவிடுங்கள் மாமா என்று சொல்லி, மறுநாளே ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வைத்தேன்.